மரக்கன்றுகளில் களைக்கொல்லியின் தாக்கம்

மரக்கன்றுகளில் களைக்கொல்லியின் தாக்கம் என்பது, புதிதாக நடப்பட்ட கன்றுகளைச் சுற்றியுள்ள களைகளை வேதிப்பொருள் கொண்டு அழிக்கும்போது அக்கன்றுகளுக்கு ஏற்படும் நன்மை தீமைகளைக் குறிக்கும்.

பயன்கள்

நட்ட முதல் சில ஆண்டுகளில் கன்றின் வேர்கள் மேல்மண்ணிலேயே இருக்கும். அங்குள்ள ஈரத்தைப் புல்வேர்கள் விரைந்து உறிஞ்சிவிடும். எனவே கன்றைச் சுற்றிக் களை நீக்கினால், அது கோடையைத் தாங்கிப் பிழைக்கும் வாய்ப்பு உயர்கிறது.

பாதிப்புகள்

களைக்கொல்லிகள் பலவும் களைக்கும் கன்றுக்கும் வேறுபாடு காண்பதில்லை.

கிளைபோசேட்: 1974 இல் விற்பனைக்கு வந்தது. தாவரங்கள் சில அமினோ அமிலங்களை உருவாக்கத் தேவையான நொதியைத் தடுக்கிறது. தெளிப்பு காற்றில் பரவிக் கன்றின் இலையிலோ இளம் பச்சைப் பட்டையிலோ பட்டால், புதிய இலைகள் வெளிறிக் குறுகும்; நுனி கருகும்.

2,4-டி: இலைகளும் தண்டும் முறுக்கிக்கொள்ளும்.

பெண்டிமெத்தலின்: களை முளைக்கும் முன் மண்ணில் இடப்படுவது. அளவு மிகுந்தால் வேர் வளர்ச்சி குன்றும்.

அண்ணாமலை மலைச்சரிவு

அடி அண்ணாமலை, திருவண்ணாமலைக் கிரிவலப் பாதையில் மலையின் மேற்கே உள்ள ஊராகும். மரங்களை இழந்த இம்மலையில் 1980களின் இறுதியிலிருந்து தன்னார்வ அமைப்புகள் மரம் நட்டு வருகின்றன. 'தி ஃபாரஸ்ட் வே' அவற்றுள் ஒன்று.

இங்குப் புல், நீருக்குப் போட்டியிடும் களை மட்டுமன்று. கோடையில் காட்டுத்தீக்கு எரிபொருளும் ஆகும். களைக்கொல்லியால் மடிந்த புல் நின்றபடியே காய்வதால், தீ வாய்ப்பு குறைவதில்லை. புல்லை வெட்டி அகற்றித் தீத்தடுப்புக் கோடு அமைப்பது இரு சிக்கல்களுக்கும் தீர்வாகிறது. மேலும், கிளைபோசேட் மண்துகளோடு இறுகப் பிணைவது. சரிவில் மண் அரிக்கப்படும்போது அதுவும் கீழுள்ள குளங்களைச் சேரக்கூடும்.

பாதுகாப்பு முறைகள்

தெளிப்பது தவிர்க்க இயலாததெனில், காற்றில்லாத வேளையில் தெளிமுனைக்கு மறைப்புக் கட்டித் தெளிக்க வேண்டும். கன்றை மூடி வைப்பதும் நன்று.

சட்ட நிலை

இந்தியாவில் கிளைபோசேட், தேயிலைத் தோட்டங்களுக்கும் பயிரிடப்படாத நிலங்களுக்குமே பதிவு செய்யப்பட்டது. பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர் வழியாக மட்டுமே அதைப் பயன்படுத்த வேண்டும் என 2022 அக்டோபரில் நடுவண் அரசு ஆணையிட்டது. இலங்கை 2015 இல் கிளைபோசேட்டைத் தடை செய்து, 2018 இல் தேயிலை, இறப்பர் தோட்டங்களுக்குத் தளர்த்தியது.