மாட்டுக்குத் திரும்பிப் போன கிருமி

மாடு வைத்திருந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு மடிநோயைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. காலையில் கறக்க உட்கார்ந்தால் மடியின் ஒரு பக்கம் கல் மாதிரி இறுகிக் கிடக்கும். கை பட்டால் சுடும், மாடு உதைக்கும். பீய்ச்சினால் பாலுக்குப் பதில் தண்ணீராக ஏதோ வரும், நடுவில் திரிதிரியாகக் கட்டிகள், சில நாள் ரத்தம். இது வெளியே தெரிகிற மடிநோய். தெரியாத வகை ஒன்றும் உண்டு. மடி பார்க்க நன்றாகத்தான் இருக்கும், பாலும் வெள்ளையாகத்தான் இருக்கும், ஆனால் நாளுக்கு நாள் அளவு குறைந்துகொண்டே வரும். தீவனத்தைக் குறை சொல்வார்கள், வெயிலைச் சொல்வார்கள், கண்ணு பட்டுடுச்சு என்பார்கள். உள்ளே கிருமி குடும்பம் நடத்திக்கொண்டிருக்கும்.

மடிநோயைக் கொண்டுவரும் பாக்டீரியாக்கள் பல. அவற்றில் இந்த ஓசையில்லாத வேலையில் கைதேர்ந்தது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அகலாக்டியே. பெயரின் பின்பாதிக்குக் கிரேக்கத்தில் ‘பால் இல்லாமை’ என்று பொருள். 1880களில் பிரான்ஸின் கால்நடை மருத்துவர் எட்மோன் நோக்கார், மொல்லெரோ என்பவருடன் சேர்ந்து, நோய்கண்ட மாட்டின் பாலில் மணிமாலைபோலக் கோத்துக் கிடந்த இந்தக் கிருமியை விவரித்தார். அன்றிலிருந்து ரொம்ப நாளைக்கு இது மாட்டுக் கிருமி. பிறகு அதே கிருமி பிரசவ வார்டுகளில் பச்சிளங்குழந்தைகளைக் கொல்லத் தொடங்கியபோது, மாட்டிடமிருந்துதான் வந்திருக்கும் என்ற சந்தேகம் எழுந்தது இயல்பு. கடந்த இருபது ஆண்டுகளாக அதன் மரபணுக்களை வரிவரியாகப் படிக்க முடிகிறது. படிக்கப் படிக்கக் கதை வேறு பக்கம் திரும்புகிறது.

முதலில் ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரெபெக்கா லான்ஸ்ஃபீல்ட், 1895 ஜனவரியில் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் பிறந்தவர். ராக்கஃபெல்லர் ஆய்வு நிறுவனத்தில் வாழ்நாள் முழுக்க ஸ்ட்ரெப்டோகாக்கஸைத் தவிர வேறொன்றிலும் கை வைக்காதவர். அந்தக் காலத்தில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்பது பெரிய குழப்பம். தொண்டைப்புண், செங்காய்ச்சல், பிரசவக் காய்ச்சல், மாட்டின் மடிநோய் எல்லாவற்றிலும் இது இருந்தது, நுண்ணோக்கியில் எல்லாம் ஒரே மாதிரி. லான்ஸ்ஃபீல்ட் அவற்றை அமிலத்தில் கொதிக்கவைத்து மேலுறையிலிருந்து ஒரு சர்க்கரைப் பொருளைப் பிரித்தெடுத்தார். முயலின் எதிர்ப்புச் சீரத்தோடு அது எப்படித் திரிகிறது என்று பார்த்து வகை பிரித்தார். 1933இல் வந்த அவரது கட்டுரையில் நூற்றுச் சொச்சம் கிருமி வகைகள் ஐந்து கூடைகளில் அடங்கின. நோயாளி மனிதர்களிடம் கிடைத்தவை ஏ. மாட்டு மடியிலிருந்தும் பாலிலிருந்தும் வந்தவை பி. இன்றைக்கும் மகப்பேறு மருத்துவர்கள் ‘குரூப் பி ஸ்ட்ரெப்’ என்று சொல்வது இந்தக் கூடையைத்தான். மாட்டிடம் கிடைத்ததற்காக வைத்த எழுத்து.

இரண்டே ஆண்டில் அவரும் ரொனால்ட் ஹேரும் பிரசவித்த பெண்களின் உடலிலும் பி கிருமியைக் கண்டார்கள். ஆனால் அந்தப் பெண்களுக்குக் காய்ச்சல் இல்லை. சும்மா தங்கியிருக்கிறது, தொந்தரவு இல்லை என்று எடுத்துக்கொண்டார்கள். 1938இல் பிரிட்டனில் ஃப்ரை என்பவர் இதே கிருமியால் பிரசவத்துக்குப் பின் இறந்த மூன்று பெண்களைப் பற்றி எழுதினார். மூன்று பேர்தானே என்று அதுவும் அமுங்கிப்போனது.

தொழுவத்தில் அப்போது வேறு நாடகம் ஓடிக்கொண்டிருந்தது. 1939இல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் போர்டன் பால் நிறுவனம் 150 மாடுகளைச் சுழலும் மேடையில் ஏற்றிக் கறந்துகாட்டியது. ஜனங்கள் மொய்த்தார்கள். விளம்பரங்களில் வரும் எல்சி எந்த மாடு என்று கேட்டுத் துளைத்தார்கள் என்பதால் ஒரு ஜெர்சி மாட்டைப் பிடித்து இதுதான் எல்சி என்று நிறுத்தினார்கள். அந்தக் கூட்டத்தில் மடிநோய் புகுந்துவிட்டது. லான்ஸ்ஃபீல்ட் இருந்த அதே ராக்கஃபெல்லரில் ரெனே டுபோஸ் மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவிலிருந்து கிராமிசிடின் என்ற பொருளைப் பிரித்திருந்தார். ரத்தத்தில் கலந்தால் நஞ்சு. காம்பின் வழியாக மடிக்குள் செலுத்தலாம். அதைத்தான் அந்த மாடுகளுக்குக் கொடுத்தார்கள், பலன் இருந்தது. பென்சிலின் ஆலைகளில் பெருக ஆரம்பிப்பதற்கு முன்பே ஆன்டிபயாடிக் சோதனைக்குக் கிடைத்த நோயாளிகளில் இந்த மாடுகளும் உண்டு.

பிறகு பென்சிலின் வந்தது. அகலாக்டியேவின் பலவீனம், மாடுகளிடையே அதற்கு மடிதான் வீடு. மண்ணிலோ சாணத்திலோ வேறு சில மடிநோய்க் கிருமிகளைப்போல அது நீண்ட நாள் தாக்குப்பிடிப்பதில்லை. ஒரு மடியிலிருந்து இன்னொரு மடிக்குப் போக கறப்பவரின் கையோ துடைக்கும் துணியோ கறவை இயந்திரத்தின் குவளையோ வேண்டும். 1960களில் இங்கிலாந்தின் ரெடிங் அருகே, பால்பண்ணை ஆய்வு நிறுவனத்தில் ஃபிராங்க் டாட் குழுவினர் ஐந்து விதிகளை வகுத்தார்கள். கறந்ததும் காம்பைக் கிருமிநாசினியில் முக்கு. நோய் தெரிந்தால் உடனே மருந்து கொடு. பால் வற்றும் காலத்தில் எல்லாக் காம்புக்கும் ஆன்டிபயாடிக் செலுத்து. திரும்பத் திரும்ப நோய் காணும் மாட்டைக் கழித்துவிடு. இயந்திரத்தைச் சரியாகப் பராமரி. இந்த வழியில் போன வட ஐரோப்பிய நாடுகளில் அகலாக்டியே கிட்டத்தட்ட ஒழிந்தேபோனது. கால்நடை மருத்துவம் தாராளமாகப் பெருமைப்பட்டுக்கொள்ளக்கூடிய வெற்றி அது.

வினோதம் என்னவென்றால், தொழுவத்தில் இது தேய்ந்த அதே ஆண்டுகளில் பிரசவ வார்டில் வளர்ந்தது. 1960களில் அங்கொன்றும் இங்கொன்றுமாக, 1970களில் அமெரிக்காவில் பிறந்த குழந்தைகளின் ரத்தத்தில் சேரும் தொற்றுகளில் முதலிடத்தில். பிறந்த சில மணி நேரத்தில் குழந்தை முனக ஆரம்பிக்கும், மூச்சு வாங்கும். மறுநாள் இருக்காது. அந்தப் பத்தாண்டில் நோய் கண்ட குழந்தைகளில் பாதிவரை இறந்தன. தாய்க்கு ஒன்றும் தெரியாது, அவளுக்கு ஒரு தொந்தரவும் இருந்திருக்காது. அமெரிக்காவில் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவரின் குடலிலோ பிறப்புறுப்பிலோ இந்தக் கிருமி இருக்கிறது. பிரசவ வலி எடுத்ததும் பென்சிலின் ஏற்றினால் பெரும்பாலும் தடுத்துவிடலாம் என்று பின்னர் தெரிந்தது. 2002 முதல் அங்கே எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் பரிசோதனை.

மாட்டிலிருந்து வந்ததா? கேள்வி இங்கேதான் சூடு பிடிக்கிறது. இதற்கு விடை சொல்ல லான்ஸ்ஃபீல்டின் கூடைகள் போதாது. அவருக்கு மாட்டு பி-யும் மனித பி-யும் ஒன்றுதான்.

2003இல் ஒரு முறை வந்தது. கிருமியின் மரபணுக்களில் ஏழை மட்டும் எடுத்து, எழுத்து எழுத்தாக ஒப்பிட்டு, எது எதற்கு நெருங்கிய உறவு என்று வம்சாவளி வரைவது. மறு ஆண்டே, குழந்தைகளைத் தாக்கும் மிக மூர்க்கமான வம்சம் மாட்டு மூதாதையிடமிருந்து பிரிந்தது என்று ஒரு ஆய்வுக்குழு எழுதியது. எல்லோரும் எதிர்பார்த்திருந்த விடை. ஆனால் இந்தக் கிருமிகள் மகாத் திருடர்கள். ஒன்றின் மரபணுத் துண்டை இன்னொன்று பெரிது பெரிதாக வெட்டி ஒட்டிக்கொள்ளும். ஏழு இடங்களில் சாயல் ஒத்துப்போனால் தகப்பன் பிள்ளை என்று அர்த்தமில்லை, சட்டையைக் கடன் வாங்கியதாகவும் இருக்கலாம். முழு மரபணுத்தொகுப்பையும், அதாவது சுமார் இருபது லட்சம் எழுத்துகளையும் படித்தபோது அந்த நேர்வழி வம்சக் கதை தளர்ந்துபோனது.

எவ்வளவு வேறுபாடு என்று ஒரு கணக்கு: 2005இல் ஹெர்வே டெட்டெலின் குழு மனிதர்களிடமிருந்து எடுத்த எட்டு அகலாக்டியே வகைகளை ஒப்பிட்டது. எட்டுக்கும் பொதுவான மரபணுக்கள், எந்த ஒன்றை எடுத்தாலும் அதில் சுமார் 80 சதவீதம்தான். மீதி வகைக்கு வகை வேறு. ஒன்பதாவதைச் சேர்த்தாலும் புதிய மரபணுக்கள் வரும், நூறாவதைச் சேர்த்தாலும் வரும் என்று கணக்கு சொன்னது. ‘பான்-ஜீனோம்’ என்ற கருத்தை உயிரியலில் பரப்பியது இந்த ஆய்வுதான். ஒரே பெயருள்ள இரண்டு கிருமிகளுக்குள் இவ்வளவு வித்தியாசம் என்றால் ‘இனம்’ என்ற சொல்லே கொஞ்சம் ஆட்டம் காண்கிறது. அது தனிக் கட்டுரை.

சரி, மனிதக் கிருமிக்கு என்ன ஆனது? 2014இல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் ஃபிலிப் கிளேசரும் கூட்டாளிகளும் உலகெங்குமிருந்து வந்த இருநூற்றுக்கும் மேற்பட்ட வகைகளைப் படித்துச் சொன்ன விளக்கம் நம்மூர்ப் பக்கம் கொஞ்சம் தொட்டுக்கொண்டு போகிறது.

லான்ஸ்ஃபீல்ட் பிறந்து ஒரு வாரம் கழித்து, அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் ஒரு பையன் பிறந்தான். எல்லாப்பிரகட சுப்பாராவ். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளி, மாநிலக் கல்லூரி, சென்னை மருத்துவக் கல்லூரி. கதர் உடுத்திப் போனதில் அறுவைச் சிகிச்சைப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் எல்.எம்.எஸ். பட்டத்தோடு வெளியே வந்தார் என்பது அவரைப் பற்றி எழுதும் எல்லோரும் சொல்லும் கதை. அமெரிக்கா போய், 1940களில் லெடர்லே மருந்து நிறுவனத்தின் ஆராய்ச்சித் தலைவரானார். அவருக்குக் கீழே வேலை பார்த்த எழுபது வயது தாண்டிய தாவரவியலாளர் பெஞ்சமின் டகர், மிசூரி மண்ணிலிருந்து எடுத்த ஒரு பாக்டீரியாவில் பொன்னிறமான ஒரு பொருளைக் கண்டார். ஆரியோமைசின். டெட்ராசைக்ளின் குடும்பத்தின் முதல் மருந்து. 1948இல் அது வெளியுலகுக்கு வந்தது. அந்த ஆகஸ்டிலேயே சுப்பாராவ் 53 வயதில் இறந்துபோனார்.

மாத்திரையாக விழுங்கலாம், பலவகைக் கிருமிகள் மேல் வேலை செய்யும். டாக்டர்கள் அள்ளி அள்ளிக் கொடுத்தார்கள். சளிக்கா, சிறுநீர்த் தொற்றுக்கா, முகப்பருவுக்கா, எதற்குக் கொடுத்தாலும் மருந்து குடல் வழியாகத்தான் போகும். அங்கே பேசாமல் கிடந்த அகலாக்டியேவும் அடி வாங்கியது. டெட்ராசைக்ளின், பாக்டீரியா புரதம் செய்யும் பட்டறைக்குள் போய் அடைத்துக்கொண்டு வேலையை நிறுத்தும். டெட்-எம் என்று ஒரு மரபணு இருக்கிறது. அது செய்யும் புரதம் அந்த அடைப்பைப் பிடுங்கி எறிந்துவிடும். ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் துண்டில் அது உட்கார்ந்திருக்கும். அதைப் பிடித்துக்கொண்ட சில அகலாக்டியே வம்சங்கள் பிழைத்தன, மற்றவை ஒதுங்கின. பிழைத்த சிலவற்றில் தாயிடம் ஒட்டிக்கொள்வதிலும் குழந்தையைத் தாக்குவதிலும் வல்லவை இருந்தது தற்செயல். பாஸ்டர் குழு சொல்வது இதுதான். மனிதர்களிடம் இன்று காணும் வம்சங்கள் பரவத் தொடங்கிய காலம் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் போய் நிற்கிறது. அவற்றில் 90 சதவீதம்போல டெட்ராசைக்ளினுக்கு மசியாதவை. மருந்தின் உபயோகம் குறைந்த பிறகும் அந்த மரபணு அவற்றை விட்டுப் போகவில்லை.

இதில் சுப்பாராவையோ டகரையோ குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. டைஃபஸிலும் நிமோனியாவிலும் போயிருக்க வேண்டிய எத்தனை உயிர்களை அந்த மாத்திரை நிறுத்தி வைத்தது. கணக்கு இரண்டு பக்கமும் எழுதப்படுகிறது, அவ்வளவுதான்.

இனி ஸ்வீடன். தொழுவங்களிலிருந்து ஏறக்குறைய விரட்டப்பட்ட கிருமி, இருபத்தோராம் நூற்றாண்டில் வட ஐரோப்பாவில் மறுபடி தலைகாட்டியது. தீவனத்தில் வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் கலப்பதை 1986லேயே, உலகுக்கு முன்னோடியாகத் தடைசெய்த நாடு ஸ்வீடன். அங்கேயே என்றால் எப்படி? எங்கோ ஒளிந்திருந்த பழைய கிருமி திரும்பிவிட்டது என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். நல்லவேளை, பழைய கிருமிகளை யாரோ பத்திரமாக வைத்திருந்தார்கள். 1953 முதல் 1978 வரை மாடுகளில் எடுத்த 44 மாதிரிகள், 1997 முதல் 2012 வரை எடுத்த 76 மாதிரிகள். இரண்டு தொகுதியையும் முழுதாகப் படித்து 2021இல் முடிவை வெளியிட்டார்கள்.

பழைய தொகுதியில் பரவலாக இருந்தது உலகெங்கும் மாடுகளிடம் காணப்படும் ஒரு மாட்டு வம்சம். புதிய தொகுதியில் அந்த வம்சம் ஒன்றுகூட இல்லை. பழையதில் டெட்ராசைக்ளின் எதிர்ப்பு இல்லை, புதியதில் சர்வசாதாரணம். மனித வம்சங்கள் 1948க்குப் பிறகு குத்திக்கொண்ட பச்சை அது. இன்னொரு தடயமும் கிடைத்தது. புதிய மாட்டுக் கிருமிகளுக்குள் பிளாஸ்மிட் எனப்படும் சின்ன வட்ட மரபணுத் துண்டுகள் இருந்தன. அவற்றில் இரண்டு, மனிதத் தொண்டையில் வாழும் வேறு ஸ்ட்ரெப்டோகாக்கஸ்களின் பிளாஸ்மிட்டோடு 98 சதவீதத்துக்கு மேல் ஒத்துப்போயின. மாட்டின் மடிக்குள் மனிதத் தொண்டையின் சரக்கு. ஒரு தடவை நடந்த விபத்தும் கிடையாது, பல தடவை, தனித்தனியாக மனிதரிடமிருந்து மாட்டுக்குத் தாவியிருக்கிறது என்பது அவர்கள் முடிவு.

தாவினால் மட்டும் போதாது, மடிக்குள் பிழைக்கவும் வேண்டும். பாலில் இருக்கும் முக்கியமான சர்க்கரை லாக்டோஸ். அதைச் சாப்பிடத் தெரிந்த கிருமிக்கு மடி ஒரு கல்யாணப் பந்தி, தெரியாததற்குப் பட்டினி. மாட்டில் கிடைக்கும் அகலாக்டியேக்கள் ஏறத்தாழ எல்லாவற்றிடமும் லாக்-2 என்ற மரபணுக் கூட்டம் இருக்கிறது. மனிதரிடம் கிடைப்பவற்றில் அது அரிது. மடிக்கு வந்தவை, அங்கே வாழும் வேறு ஸ்ட்ரெப்டோகாக்கஸ்களிடமிருந்து அதை வாங்கிக்கொண்டிருக்க வேண்டும். தொண்டையிலிருந்தோ குடலிலிருந்தோ கிளம்பி, கையில் ஏறி, காம்பில் இறங்கி, பந்தியில் உட்கார்ந்ததும் பக்கத்து இலைக்காரனிடம் சாப்பிடக் கற்றுக்கொண்டாயிற்று.

ரெடிங்கின் ஐந்து விதிகளை இந்த ஆய்வுக்குப் பிறகு ஒருமுறை எடுத்துப் படித்துப் பார்த்தேன். காம்பு, மருந்து, வற்றுக்காலம், கழிக்க வேண்டிய மாடு, இயந்திரம். ஐந்துமே ஒரு மாட்டிலிருந்து இன்னொரு மாட்டுக்குப் போவதைத் தடுக்க வகுத்தவை, அந்தக் காலத்துக் கிருமிக்கு அவை போதுமானவையாக இருந்தன. கறப்பவரின் தொண்டையைப் பற்றி அவற்றில் ஒரு வரியும் இல்லை.