எட்டு செல்லில் முடிவாகும் திசை: வலம்புரிச் சங்கின் கதை

பொன்னேரியிலிருந்து திருப்பாலைவனம் வழியா பழவேற்காடு போனீங்கன்னா, ஏரிக்கரையில் கிளிஞ்சலும் நத்தை ஓடும் காலுக்கடியில் நொறுங்கும். சேத்துல கிடக்கிற கூம்பு மாதிரி ஓடு ஒண்ணைக் கையில எடுங்க. கூர்முனை மேலே, வாய் உங்களைப் பார்த்து இருக்கணும். வாய் வலப்பக்கம் இருக்கும். இன்னொண்ணு எடுங்க, அதுவும் வலம். நூறு எடுத்தாலும் அநேகமா அப்படித்தான்.

எதுக்கு எல்லாம் ஒரே பக்கம் சுத்துது? இதுக்குப் பதில் கண்டுபிடிக்க நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. இன்னைக்கு அந்தக் கதைதான்.

நம்ம ஊர்ல இந்தக் கேள்விக்கு ஒரு விலையே உண்டு. சாதாரணச் சங்கு இடம்புரி. லட்சத்தில் ஒண்ணா எதிர்ப்பக்கம் சுத்தினா அது வலம்புரி, பூஜை அறைக்குப் போயிடும். மெட்ராஸ் மீன்வளத் துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1914-ல் சங்கைப் பற்றி ஒரு முழு நூலே எழுதினார். சங்கு குளிக்கிறதில் தொடங்கி வங்காளத்து வளையல் தொழில் வரைக்கும் அதில் இருக்கு.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துடுவோம். நாம வலம்புரின்னு சொல்றதை விஞ்ஞானிகள் இடச்சுழின்னு சொல்றாங்க. யாரும் தப்பு சொல்லலை. அவங்க கூர்முனையை மேலே வைச்சுப் பார்க்கிறாங்க, நாம தலைகீழாப் பிடிச்சுப் பார்க்கிறோம். ரெஃபரன்ஸ் ஃப்ரேம் வேற, பொருள் ஒண்ணுதான்.

சரி, திசை எப்போ முடிவாகுது? 1894-ல் ஹென்றி கிராம்ப்டன்ங்கிற அமெரிக்கர் இடச்சுழி நத்தையோட கருவை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். நத்தைக் கரு நாலு செல்லிலிருந்து எட்டு செல்லாகும்போது, மேலே வர்ற நாலு புது செல்லும் கொஞ்சம் திரும்பி உட்காரும். வலச்சுழி நத்தைன்னா கடிகார முள் திசையில். இவர் பார்த்த கருவில் அது எதிர்த்திசையில் திரும்பியிருந்தது. ஓடே உருவாகாத கட்டத்துல திசை முடிவாகிடுச்சு!

அடுத்து, யார் முடிவு பண்றாங்க? 1923-ல் இங்கிலாந்தில் பாய்காட், டைவர் ரெண்டு பேரும் குளத்து நத்தைகளை வளர்த்துப் பார்த்துக் குழம்பினாங்க. மெண்டல் கணக்குப்படி ஒரே ஈட்டில் வலமும் இடமும் கலந்து வரணும். ஆனா பெரும்பாலும் ஒரு தாயோட குஞ்சுகள் எல்லாமே வலம், இல்லைன்னா எல்லாமே இடம். அதே வருஷம், பழ ஈ ஆய்வாளர் ஆல்ஃபிரட் ஸ்டர்டெவன்ட் ஒரு குட்டிக் கட்டுரையில் முடிச்சை அவிழ்த்தார். குஞ்சு எந்தப் பக்கம் சுத்தணும்னு சொல்றது குஞ்சோட ஜீன் இல்லை, முட்டையிட்ட தாயோட ஜீன். நம்ம பாஷையில சொன்னா, கான்ஃபிக் ஃபைல் அம்மா எழுதினது. குஞ்சு தன்னோட ஜீன்ல வைச்சிருக்கிற மாற்றம் அடுத்த ரிலீஸ்லதான் வெளியே தெரியும்.

இதைக் கையாலேயே நிரூபிச்சவர் ஜப்பானைச் சேர்ந்த ரெய்கோ குரோடா. 2009-ல் அவரோட குழு, எட்டு செல்லாகப் பிரியுற அந்த நொடியில் மெல்லிய கண்ணாடிக் குச்சியால் செல்களை எதிர்ப்பக்கம் தள்ளினாங்க. நத்தை வளர்ந்தப்போ ஓடும் உள்ளுறுப்புகளும் கண்ணாடியில் பார்த்த மாதிரி மாறியிருந்தது. ஜீன் மாறலை, ஒரு தள்ளுதான். 2019-ல் ஆபேவும் குரோடாவும் கிரிஸ்பர் மூலம் ஒரே ஒரு ஜீனை முடக்கி, வலச்சுழி நத்தையிலிருந்து இடச்சுழிக் குஞ்சுகளைப் பெற்றாங்க. செல்லுக்குள்ள ஆக்டின் இழைகளைக் கட்டுற புரதத்துக்கான ஜீன் அது.

நத்தைக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்னு கேட்பீங்க. உங்க இதயம் ஏன் இடப்பக்கம் சாய்ஞ்சிருக்கு? கருவில் நோடல்ங்கிற ஜீன் இடப்பக்கம் மட்டும் விழிக்கிறதால. 2009-லேயே கிறிஸ்டினா கிராண்டேவும் நிபம் படேலும் அதே நோடல் நத்தையிலும் ஒரு பக்கம் மட்டும் வேலை செய்றதைக் காட்டினாங்க: வலச்சுழிக்கு வலப்பக்கம், இடச்சுழிக்கு இடப்பக்கம். தொடக்கம்தான் வேற. எலிக்கருவில் நுண்ணிய மயிரிழைகள் சுழன்று திரவத்தை இடப்பக்கம் தள்ளுதுன்னு 1998-ல் டோக்கியோவில் ஹிரோகாவாவோட ஆய்வகம் கண்டது. மனிதரில் சுமார் பத்தாயிரத்தில் ஒருத்தருக்கு உள்ளுறுப்புகள் மொத்தமும் பக்கம் மாறியிருக்கும். அவங்கள்ல பலரும் ஆரோக்கியமாவே வாழறாங்க.

கடைசியா காசு விஷயம். அமெரிக்கக் கடலோரத்தில் 'மின்னல் சங்கு'ன்னு ஒரு இனம் இருக்கு. அதில் இடச்சுழிதான் நார்மல், அதிசயமே இல்லை. அதைக் கொண்டுவந்து இங்கே வலம்புரின்னு பெரும் விலைக்கு விற்கிறாங்க. வாங்கப் போறீங்கன்னா வாய்க்குள்ள பாருங்க. நம்ம சங்கோட நடுத்தண்டில் மூணு நாலு தெளிவான மடிப்பு இருக்கும், மின்னல் சங்கில் அந்த வரிசை இருக்காது.

நிஜ வலம்புரியே கிடைச்சாலும், அது ஒரு தனி உயிரோட வீடுங்கிறதை மறக்காதீங்க. எல்லா நத்தை இனங்களைப் போல அதுவும் கண்ணுக்குத் தெரியாத செல் கூட்டமாத்தான் தொடங்குச்சு. அதிர்ஷ்டம் யாருக்குங்கிறதை உங்ககிட்டயே விட்டுடறேன். அந்தத் திருப்பம் எவ்வளவு சீக்கிரம் நடந்துச்சுங்கிறதுதான் எனக்குப் பெரிய அதிசயம்.