பஸ்ஸில் எழுதிய பெயர்

திருத்தங்கல்காரன் நான். சிவகாசி அச்சகங்களில் அச்சுக் கோத்துப் பிழைத்தவன். காலண்டர், பட்டாசு லேபிள், கல்யாணப் பத்திரிகை என்று எது வந்தாலும் பெயர்தான் எங்களுக்கு வேலை. யார் பெயர் பெரிய எழுத்தில் வரும், யார் பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் ஒட்டும், யார் பெயர் கடைசி வரிக்குப் போகும் என்பதையெல்லாம் பார்த்துப் பார்த்துக் கோத்திருக்கிறேன். எல்லாரையும் மரியாதையாகச் சொல்ல வேண்டும் என்றால், அது இந்தக் காலத்துப் பிள்ளைகள் கொண்டுவந்த புது நாகரிகம் என்கிறார்கள் சிலர். கேட்கும்போதே எனக்குக் கோபம் வருகிறது. எங்கள் பக்கத்தில் அதற்கு நூறு வருஷக் கதை உண்டு. அதில் பாதி பஸ்ஸிலேயே நடந்தது.

அப்போது சிவகாசி, விருதுநகர் எல்லாம் ராமநாதபுரம் ஜில்லா. ஜில்லா போர்டுத் தலைவராக இருந்தவர் பட்டிவீரன்பட்டி டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியன். தாழ்த்தப்பட்டவர்களை ஏற்ற மறுக்கும் பஸ் முதலாளிகளின் உரிமம் ரத்தாகும் என்று உத்தரவு போட்டார். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை வகித்தவரும் அவரே. பெயரோடு சாதிப் பட்டம் வேண்டாம் என்று சொன்ன மாநாடு அது. அவர் பிறந்த நாடார் சமூகம், கோயிலுக்குள் போகும் உரிமை கேட்டதற்காக 1899இல் சிவகாசியில் சூறையாடலைச் சந்தித்தது. 1921 மக்கள்தொகைக் கணக்கில்தான் தன் பெயரைத் தான் விரும்பியபடி எழுத வைத்தது. தனக்குக் கிடைத்த மரியாதை தனக்குக் கீழே தள்ளப்பட்டவனுக்கும் வேண்டும் என்று அவர் நினைத்தாரே, அதுதான் பெரிசு.

பிறகு 1997. விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட புதிய போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை அரசு வைத்தது. கட்டபொம்மனுக்காகப் போரிட்டு உயிர்விட்டவர். தேவேந்திரகுல மக்கள் தங்கள் வீரராகப் போற்றுகிறவர். திருநெல்வேலியில் கட்டபொம்மன் பெயரிலும் மதுரையில் பாண்டியன் பெயரிலும் பஸ் ஓடிக்கொண்டுதான் இருந்தது. யாரும் முகம் சுளிக்கவில்லை. சுந்தரலிங்கம் என்றதும் அந்த பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று ஆதிக்கச் சாதிகளில் பலர் கிளம்பினார்கள். பஸ்கள் தாக்கப்பட்டன. தென்மாவட்டங்களில் கலவரம் பரவி உயிர்கள் போயின. ஒரு காலத்தில் ஒடுக்கப்பட்டவரை ஏற்றாத பஸ். இப்போது அவருடைய வீரன் பெயர் இருந்தால் ஏறாத பயணி.

ஜூலையில் அரசு எல்லாத் தலைவர்களின் பெயரையும் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் எடுத்துவிட்டது. 1985இல் காமராஜர் பெயரில் உருவான எங்கள் மாவட்டம் விருதுநகர் மாவட்டம் ஆனது. எங்கள் அச்சகத்தில் லேபிள் முகவரிகளில் 'காமராஜர் மாவட்டம்' என்ற வரியை மாற்றி மாற்றிக் கை ஓய்ந்தது. கலவரத்தை நிறுத்த அரசுக்கு வேறு வழி தெரியாமல் இருந்திருக்கலாம். ஆனாலும் ஒருவருக்கு மரியாதை கொடுக்க மனமில்லாத ஊரில் எல்லார் பெயரையும் அழிப்பது சமத்துவம் ஆகாது. முரண்டு பிடித்தவர்கள் கேட்டது கிடைத்தது, அவ்வளவுதான்.

2025 ஏப்ரலில், தாழ்த்தப்பட்டவர்கள் குடியிருப்பைக் குறிக்கும் 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்ல காரியம். ஆவணத்தில் மாறிவிடும், வாயில் மாற வேண்டுமே. பட்டாசு ஆபீசுக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் ஆள் போகிற காலை பஸ்ஸில் கேட்டிருக்கிறேன்: பஜார் வந்தால் "இறங்குங்க, இறங்குங்க", காலனி வந்தால் "காலனியெல்லாம் எறங்கு." என்னோடு வேலை பார்த்த ஒருவர், பேரன் எடுத்தவர், அந்தத் தெருக்காரர். டீ வாங்கி வரும் பொடியன்கூட அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவான். எனக்கு மட்டும் "அண்ணாச்சி" போடுவான்.

இன்றும் பத்திரிகை அடிக்க வருகிறவர்கள் முதலில் கேட்பது பட்டத்தைத்தான். உங்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் அதை விட்டுவிடுங்கள். மூத்தவர் எந்தத் தெருவிலிருந்து வந்தாலும் "வாங்க" என்று உங்கள் பிள்ளைகளைச் சொல்ல வையுங்கள்.