காலதரும் விசிறியும்: யாழ்ப்பாண வீட்டின் காற்றுவழி

சாளரத்தைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொற்களுள் காலதர் என்பது தனித்து நோக்கத்தக்கது. கால் என்பது காற்று. அதர் என்பது வழி. சிலப்பதிகாரத்திற் பயின்றுவரும் இச்சொல் சாளரத்தைச் சுவரிலுள்ள துளையாகவன்றி வளி செல்லும் பாதையாகவே கருதுகின்றது. துளை ஒன்றாயிருக்கலாம், பாதைக்கோ தொடக்கமும் முடிவும் வேண்டும். வேனிற்காலத்தில் தென்றலைப் பெறுதற்கென அமைந்த மேன்மாடத்துச் சாளரங்கள் கூதிர்காலத்தில் அடைபட்டுக் கிடப்பதையும், விசிறிகள் சிலந்தி நூல் சூழத் தொங்குவதையும் நெடுநல்வாடை காட்டுகின்றது. எக்காற்றுக்கு எவ்விடத்தில் வாயில் விடுவது என்பது அக்காலக் கட்டடக்காரர் அறிந்திருந்த விடயமே. யாழ்ப்பாணத்தில் இன்று வழங்கும் யன்னல் என்ற சொல், 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயரின் மொழியிலிருந்து வந்தது. பொருள் பழையது, பெயர் மாத்திரமே புதியது.

குடாநாடு மலையற்ற சமதரை. காற்றைத் தடுப்பதற்கோ திருப்புவதற்கோ இயற்கையான அரண் எதுவும் இங்கில்லை. எனவேதான் சோளகம், வாடை, கச்சான், கொண்டல் எனக் காற்றுகளைத் திசைவழிப் பெயரிட்டறியும் வழக்கு கடற்றொழிலாளரிடையே வேரூன்றியது. தென்மேற்கிலிருந்து வீசும் சோளகம் ஏறத்தாழ மே முதல் செப்தெம்பர் வரையிலான வெப்பத்தைத் தணிப்பது. அதற்கு முந்திய சித்திரை மாதமே கடினமானது. அப்போது வெயிலும் உச்சத்தில் நிற்கும், காற்றும் அடங்கிவிடும்.

இவ்விரு நிலைமைகளுக்கும் ஈடுகொடுத்த அமைப்பே நாற்சார் வீடு. நான்கு புறமும் சார்பிறக்கிய கூரைகள், நடுவே வானந் திறந்த முற்றம், அதனைச் சூழ்ந்த திண்ணை, திண்ணைக்கு அப்பால் அறைகள் என்பன அதன் உறுப்புகள். காற்று வீசுங் காலத்தில், காற்றை எதிர்கொள்ளும் சுவரில் அமுக்கம் கூடியும் மறுபுறத்திற் குறைந்தும் இருக்கும். இவ்வேறுபாடே வாயிலுக்கு வாயில் காற்றை இழுத்துச் செல்கின்றது. காற்றற்ற நாளிலோ சூடேறிய வளி அடர்த்தி குறைந்து மேலெழுந்து முற்றத்தின் வழியே வெளியேற, நிழலிலுள்ள குளிர்ந்த வளி தாழ்ந்த வாயில்களால் உட்புகும். பனையோலைக் கூரையும் பின்னர் வந்த ஓட்டுக் கூரையும் தம் இடைவெளிகளால் இப்பணிக்குத் துணைநின்றன. பாசல் மிசனரிமார் 1865இல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலையை நிறுவியபின் பரவிய தட்டையோடுகளுக்கும் இப்பண்பு உண்டு. கிடுகு வேலியை மறைப்புக்கான சாதனமாக மட்டும் ஆராய்வோர், அது புழுதியைத் தடுத்துக் காற்றைச் சிறிதளவேனும் கசியவிட்டதையும் கருத்திற் கொள்ளலாம். சீமெந்து மதில் அவ்வாறு செய்வதில்லை.

மேசைக்கணினியின் பெட்டிக்குள்ளும் இதே சிக்கலே எழுந்தது என்பது சுவையான ஒப்புமை. 1980இல் அப்பிள் நிறுவனம் விசிறியின்றி வெளியிட்ட மூன்றாம் மாதிரிக் கணினி வெப்பத்தால் அல்லலுற்றது. 1981இன் ஐ.பி.எம். கணினியில் மின்வழங்கியின் விசிறியே முழுப் பெட்டிக்கும் காற்றோட்டம் தந்தது. 1995இல் இன்ரெல் வகுத்த ஏ.ரி.எக்ஸ். அமைப்பு முதலில் இவ்விசிறி வெளிக்காற்றை உள்ளிழுத்துச் செயலியின்மீது வீச வேண்டுமென்றது. மின்வழங்கியிற் சூடேறிய வளியே செயலியை அடைந்தமையால், விசிறி பின்னர் வெளியேற்றும் திசைக்கு மாற்றப்பட்டது. முன்புறத்தின் கீழே நுழைவு, பின்புறத்தின் மேலே வெளியேற்றம் என்பது இன்றைய பொதுவழக்கு. வெளியேற்றும் விசிறிக்கு அருகிலேயே துளை இருப்பின், புகுந்த வளி சூடான பாகங்களைத் தீண்டாமலே வெளியேறிவிடும். விசிறிகளைக் கூட்டினும் பயன் சொற்பமே. அடுத்தடுத்த மூலைகளில் யன்னலும் கதவும் கொண்ட அறைக்கும் இதுவே கதி.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இப்பாடம் குடாநாட்டில் மெல்ல மறக்கப்பட்டது. காணி துண்டுபட்டது; முற்றம் வீண்செலவாகத் தோன்றிற்று; கொங்கிறீற்றுத் தட்டைக்கூரை செல்வத்தின் அடையாளமாயிற்று. பகலெல்லாம் வெப்பத்தை உண்டு இரவில் அதனை அறைக்குள் உமிழ்வது அக்கூரை. அதனடியில் தொங்கும் மின்விசிறி அறையின் வளியை மாற்றுவதில்லை. மேலே தேங்கிய வெப்பவளியைக் கீழே தள்ளிக் கலக்குவதே அதன் தொழில். வியர்வை உலர்வதால் உடல் சற்றே இதம் பெறும். ஆயின் அறை குளிர்ந்ததாகாது.

1990இல் போர் மீண்டும் மூண்டபோது தேசிய மின்வலையோடு குடாநாட்டுக்கிருந்த தொடர்பு அறுந்தது. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட அவ்வாண்டுகளில், விசிறியை நம்பிக் கட்டிய அறைகளுக்குத் தணிவு தரும் ஒரே சாதனமும் நின்றுபோயிற்று. நாற்சார் வீட்டுக்கோ மின்சாரத்திடம் இழப்பதற்கு ஒன்றுமிருக்கவில்லை. எனினும் அவ்வீடுகள் பல அப்போரிலேயே அழிந்தன. 2009இற் போர் முடிந்தபின் மின்வலை மீளத் தொடுக்கப்பட்டது. விசிறியோடு குளிரூட்டியும் வந்தது. அதற்கு யன்னல் மூடியிருத்தல் வேண்டும். எஞ்சிய நாற்சார் வீடுகள் சிலவற்றில் மழைக்கஞ்சி முற்றத்தின்மேல் தகடு வேய்ந்துள்ளனர். யன்னல்கள் அப்படியே இருக்கின்றன. சூடான வளி மேலேறிச் செல்லும் வாயில்தான் அடைபட்டுவிட்டது.