மாவு ஏன் பொங்கவில்லை?

தில்லிக்கு மாற்றலாகி வந்து இது நாலாவது குளிர்காலம். ஜனவரியில் இட்லி மாவு பொங்குவதற்குள் நம் பொறுமை பொங்கிவிடும். "ஏங்க, நேத்து கரைச்சது இன்னும் அப்படியே கிடக்கு" என்று தங்கமணி சொன்னதும், பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி ஹீட்டர் பக்கத்தில் வைத்துவிட்டு, விஷயத்தைப் படிக்க உட்கார்ந்தேன். (நான் பி.காம். தப்பிருந்தால் அறிவியல் படித்தவர்கள் திருத்தவும்.)

மாவைப் பொங்க வைப்பவை நுண்ணுயிர்கள். அவற்றுக்குள் வேலை பார்ப்பவை நொதிகள், அதாவது என்சைம்கள். இந்த ரெண்டையும் பிரித்துப் பார்க்கவே ஒரு பெரிய சண்டை நடந்திருக்கிறது. ஈஸ்ட் சர்க்கரையைச் சாராயமாக்குவது உயிரின் வேலை, உயிர் இல்லாமல் நடக்காது என்றார் பாஸ்டர். இல்லை, அது வெறும் வேதிவினைதான் என்றார் ஜெர்மனியின் லீபிக். ரெண்டு பேரும் போய்ச் சேர்ந்த பிறகுதான் தீர்ப்பு வந்தது.

1897-ல் தீர்ப்பை எழுதியவர் எட்வர்ட் புக்னர். ஈஸ்டை மணலோடு அரைத்துப் பிழிந்து சாறு எடுத்தார். நோக்கம் வேறு ஆராய்ச்சி. சாறு கெடாமலிருக்க, நம் வீட்டில் ஜாம் போடுகிற மாதிரி, நிறைய சர்க்கரை சேர்த்தார்கள். சாறு நுரைத்தது! உயிருள்ள செல் இல்லாமலே சாராயமும் கரியமில வாயுவும் வந்தன. 1907-ல் நோபல் பரிசு. பத்தே வருஷம்... 1917-ல் ருமேனியப் போர்முனையில் காயம்பட்டு இறந்துபோனார். வயது 57.

அடுத்த கேள்வி, வேகம் எதைப் பொறுத்தது? 1909-ல் கோபன்ஹேகனில், ஒரு பீர் கம்பெனிக்காரர் நிறுவிய கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில், சோரன்சன் என்பவர் நொதிகளை ஆராயும்போதுதான் பிஹெச் என்ற அளவையே கொண்டுவந்தார். அமிலத்தன்மை மாறினால் நொதியின் வேகமும் மாறும். வயிற்று அமிலத்தில் சுறுசுறுப்பாக இருக்கும் பெப்சின், சிறுகுடலுக்குப் போனால் சும்மா உட்கார்ந்துவிடும்.

1913-ல் பெர்லினில் மைக்கேலிஸும், கனடாவிலிருந்து வந்த மாட் மென்டன் என்ற பெண் மருத்துவரும் ஒரு கணக்கு போட்டார்கள். இது எனக்கு உடனே புரிந்துவிட்டது :-) பென்ஷன் நாள். நாலு கேஷ் கவுன்டர். ஆள் வர வர பட்டுவாடா வேகம் கூடும். நாலும் நிரம்பிவிட்டால் வரிசைதான் நீளும், வேகம் கூடாது. நொதியிலும் அப்படி ஒரு கவுன்டர் இருக்கிறது. சர்க்கரை வந்து உட்கார்ந்து, உடைந்து, எழுந்து போகும். கேஷியர் மாறமாட்டார். அடுத்தவரைக் கூப்பிடுவார்.

நொதி ஒரு புரதம் என்று 1926-ல் காட்டியவர் அமெரிக்காவின் ஜேம்ஸ் சம்னர். பதினேழு வயதில் ஒரு கையை இழந்தவர். புரதம் என்பதால்தான் சூடு ஓரளவு வரை வேகத்தைக் கூட்டும், மீறினால் நொதியின் உருவமே கெட்டு கவுன்டர் மூடப்படும். குளிரில் கவுன்டர் திறந்தேதான் இருக்கும், கேஷியர்தான் மெதுவாக எண்ணிக்கொண்டிருப்பார்.

சாயங்காலம் மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது. குளிர் ஊர்களில் இருக்கும் மக்களே, நீங்கள் என்ன செய்கிறீர்கள்?