நீச்சல் குளத்தில் ஓகே, கடலில் இறங்கினால் மட்டும் மூச்சு முட்டுதா? முதல் 2 நிமிடங்களில் உடலில் நடப்பது இதுதான்

நீச்சல் குளத்தில் 1 கிலோமீட்டர் நிற்காமல் நீந்துவீர்கள். ஆனால் கடலிலோ ஏரியிலோ இறங்கி 50 மீட்டர்கூடப் போயிருக்க மாட்டீர்கள், அதற்குள் மூச்சு வாங்கும். நெஞ்சு இறுகும். 'திரும்பிப் போயிடலாமா?' என்று மனசு அடித்துக்கொள்ளும். ஆபீஸ் நண்பர்களோடு சேர்ந்து டிரையத்லானுக்குப் பெயர் கொடுத்துவிட்டு, முதல் முறையாகத் திறந்த நீரில் இறங்கும் பலருக்கு இது நடக்கிறது.

'எனக்கு ஸ்டாமினா பத்தல' என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். தண்ணீரில் இறங்கிய முதல் சில நிமிடங்களில் உடல் தானாகக் காட்டும் எதிர்வினைகள்தான் பெரும்பாலும் இதற்குக் காரணம். அவை என்ன, அந்த நேரத்தில் என்ன செய்யணும், எப்போது யோசிக்காமல் கரையேறணும் என்று பார்ப்போம்.

குளத்துக்கும் கடலுக்கும் என்ன வித்தியாசம்?

25 மீட்டர் குளத்தில் ஒவ்வொரு 25 மீட்டருக்கும் ஒரு சுவர் வரும். திரும்புகிறோம், காலால் உந்துகிறோம். நமக்கே தெரியாமல் ஒரு குட்டி ஓய்வு கிடைத்துவிடுகிறது. கோவாவில் நடக்கும் அயர்ன்மேன் 70.3 போட்டியில் கடல் நீச்சல் 1.9 கி.மீ. குளத்துக் கணக்கில் இது 76 நீளம். நடுவில் ஒரு சுவர்கூடக் கிடையாது.

அடியில் கறுப்புக் கோடு தெரியாது, தரையே தெரியாது. திசை பார்க்கத் தலையைத் தூக்கினால் கால் தாழும், உழைப்பு கூடும். மூச்சு எடுக்கப் போகும் நேரத்தில் அலை வந்து வாயில் உப்புத் தண்ணீர் அடிக்கும். போட்டி என்றால் பக்கத்தில் நீந்துகிறவரின் கால் முகத்தில் படும். இத்தனையும் ஒரே நேரத்தில் நடக்கும்போது மூளை அதை ஆபத்து என்று எடுத்துக்கொள்வதில் ஆச்சரியமில்லை.

குளிர்ந்த நீரில் இறங்கியதும் ஏன் மூச்சு திணறுது?

இதற்கு 'கோல்டு ஷாக்' என்று பெயர். தண்ணீர் சுமார் 25 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தாலே இது தொடங்கலாம். குளிர் கூடக்கூட இதுவும் கூடும். தோல் சட்டென்று குளிரும்போது 'ஹக்' என்று நம்மை மீறி ஒரு பெருமூச்சு உள்ளே போகும். அடுத்து மூச்சு வேகமாகும், இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறும். அந்த முதல் பெருமூச்சு நேரத்தில் முகம் நீருக்குள் இருந்தால் தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விடும். குளிர்ந்த நீரில் தடாலென்று குதிக்கக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

இந்த எதிர்வினை முதல் அரை நிமிடத்தில் உச்சத்துக்குப் போய், 2 அல்லது 3 நிமிடங்களில் தானாக அடங்கிவிடும். பிரிட்டனின் போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகப் பேராசிரியர் மைக் டிப்டன் இதைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார். 'முதலில் மித, பிறகு நீந்து' என்பதுதான் அங்குள்ள கடல் மீட்பு அமைப்பான ஆர்.என்.எல்.ஐ. மக்களுக்குச் சொல்லும் அறிவுரையின் சாரம்.

சென்னை, கோவா கடல்நீர் பெரும்பாலும் 25 டிகிரிக்கு மேல் இருப்பதால் அங்கே கோல்டு ஷாக் பெரிய பிரச்சினை இல்லை. ரிஷிகேஷ் கங்கை, மலைப்பகுதி ஏரிகள், வேலைக்காகப் போகும் ஐரோப்பிய நகரங்கள் என்றால் கதை வேறு.

அப்போ வெதுவெதுப்பான கடலில் ஏன் மூச்சு முட்டுது?

முதல் காரணம் வேகம். படபடப்பில் முதல் 100 மீட்டரை ஸ்பிரின்ட் மாதிரி அடித்துவிடுகிறோம்.

இரண்டாவது, மூச்சை அடக்குவது. பயந்தால் பலர் நீருக்குள் மூச்சை வெளியே விடாமல் பிடித்துக்கொள்கிறார்கள். 'காத்து வேணும்' என்ற தவிப்பை முக்கியமாகத் தூண்டுவது உடலில் சேரும் கார்பன் டை ஆக்சைடுதான். பழைய காற்றை வெளியேற்றாமல் புதிதாக இழுக்கப் பார்த்தால் நெஞ்சு அடைத்த மாதிரித்தான் இருக்கும். இதற்கு நேர்மாறாக, வேகவேகமாக மூச்சிரைத்தால் கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மீறிக் குறைந்து தலைசுற்றும், விரல் மரத்துப்போகும். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: மெதுவாக, நீளமாக மூச்சை வெளியே விடுவது.

மூன்றாவது, அழுத்தம். கழுத்தளவு நீரில் நின்றாலே தண்ணீர் நெஞ்சை அழுத்தும், மூச்சிழுக்கக் கொஞ்சம் கூடுதல் உழைப்பு தேவைப்படும். இறுக்கமான வெட்சூட் போட்டிருந்தால் அந்த உணர்வு இன்னும் கூடும்.

இறங்கியதும் என்ன செய்யணும்?

1. நடந்தே இறங்குங்கள். முகம், கழுத்தில் தண்ணீரை அள்ளித் தெளித்துக்கொள்ளுங்கள்.
2. இடுப்பளவு நீரில் நின்று முகத்தை உள்ளே வைத்து, குமிழி வரும்படி மூச்சை வெளியே விடுங்கள். 5 முதல் 10 முறை.
3. மல்லாந்து மிதங்கள். காது நீருக்குள் போகட்டும், பரவாயில்லை. மூச்சு சீராகும் வரை நீந்தத் தொடங்காதீர்கள். 2 நிமிடம் ஆனாலும் ஆகட்டும்.
4. முதல் சில நிமிடங்கள் 'இவ்வளவு மெதுவாவா?' என்று தோன்றும் வேகத்திலேயே போங்கள். தலையை வெளியே வைத்து பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் தொடங்கினாலும் தப்பில்லை.
5. அலை வரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் மூச்செடுங்கள். இதற்கு இரண்டு பக்கமும் மூச்செடுக்கப் பழகியிருக்க வேண்டும்.

பாதி வழியில் பயம் பிடித்தால்?

நிறுத்துங்கள். அதே வேகத்தில் 'தாண்டிப் போயிடலாம்' என்று முயன்றால் மூச்சிரைப்பு கூடத்தான் செய்யும். மல்லாந்து திரும்பி, கைகளை விரித்து மிதங்கள். மூச்சிழுப்பதை விட்டுவிட்டு, வெளியே விடுவதை மட்டும் எண்ணுங்கள்: ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. ஒரு பாட்டை முணுமுணுத்தாலும் இதே வேலை நடக்கும்.

அடங்கவில்லை என்றால் கையைத் தூக்கி உதவி கேளுங்கள். அயர்ன்மேன் போட்டிகளில் பாதுகாப்புக்கு நிற்கும் கயாக்கையோ மிதவையையோ பிடித்து ஓய்வெடுக்கலாம். அதைப் பிடித்துக்கொண்டு முன்னேறக் கூடாது, அவ்வளவுதான். ஓய்வெடுத்ததற்காக உங்களைத் தகுதி நீக்கம் செய்ய மாட்டார்கள்.

குளத்திலேயே எப்படிப் பழகலாம்?

சுவரைத் தொடாமல், ஒரு மீட்டர் முன்பே திரும்பி 200 மீட்டர் நீந்திப் பாருங்கள். 6 முதல் 10 வீச்சுக்கு ஒரு முறை கண்ணை மட்டும் நீருக்கு மேலே தூக்கி எதிரே பாருங்கள். 2, 3 நண்பர்களோடு ஒரே லேனில் இடித்துக்கொண்டு நீந்துங்கள். நடுவே நின்று, மல்லாந்து மிதந்து, மறுபடி தொடங்குங்கள். குளிர்ந்த நீருக்குப் போகிறீர்கள் என்றால், துணையோடு 5 அல்லது 6 முறை, ஒவ்வொரு தடவையும் 2, 3 நிமிடம் இறங்கிப் பழகினாலே கோல்டு ஷாக் கணிசமாகக் குறையும். ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: முங்குவதற்கு முன் வேண்டுமென்றே வேகவேகமாக மூச்சிழுத்து, பிறகு நீருக்குள் நீண்ட நேரம் மூச்சடக்குவது. எந்த எச்சரிக்கையும் இல்லாமல் மயக்கம் வரலாம்.

எப்போது இது வெறும் பயம் இல்லை?

பதற்றத்தால் வரும் மூச்சிரைப்பு, மிதந்தால் சில நிமிடங்களில் குறையும். ஓய்வெடுத்தும் குறையவில்லை, விடாத இருமல், நெஞ்சில் களகள சத்தம், நுரையோடோ ரத்தத்தோடோ சளி என்றால் நீச்சலின்போது நுரையீரலில் நீர்கோக்கும் பிரச்சினையாக இருக்கலாம். நன்றாகப் பயிற்சி எடுத்தவர்களுக்கும் இது வரும். உடனே கரையேறுங்கள், நிமிர்ந்து உட்காருங்கள், மருத்துவ உதவி கேளுங்கள். நெஞ்சுவலி, மயக்கம் வந்தாலும் இதேதான். உயர் ரத்த அழுத்தம், இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் தொடங்கும் முன்பே டாக்டரிடம் பேசிவிடுங்கள்.

எங்கே, யாரோடு?

மெரினா போன்ற கடற்கரைகளில் நன்றாக நீந்தத் தெரிந்தவர்களுக்கும் அலையும் நீரோட்டமும் ஆபத்துதான். உள்ளூர் மீனவர்களும் உயிர்காப்பாளர்களும் 'வேண்டாம்' என்றால் அன்றைக்கு வேண்டாம். நீரோட்டம் கடலுக்குள் இழுத்தால் எதிர்த்து நீந்திக் களைத்துப்போகாதீர்கள். மிதந்தபடி கையசைத்து உதவி கேளுங்கள். முடிந்தால் கரைக்கு இணையாக நீந்தி அந்த இழுப்பிலிருந்து விலகுங்கள். இடுப்பில் பளிச்சென்ற நிறத்தில் ஒரு மிதவையைக் கட்டிக்கொண்டால் படகுகளுக்கு நீங்கள் தெரிவீர்கள். ஆனால் அது லைஃப் ஜாக்கெட்டுக்கு மாற்று கிடையாது.

தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு சுமார் 30 கி.மீ. நீந்திக் கடப்பவர்கள்கூடத் துணைப் படகோடுதான் இறங்குகிறார்கள். உங்கள் முதல் 200 மீட்டருக்கும் பக்கத்தில் ஒரு ஆள் இருக்கட்டும்.