ஏவாளின் பெயர்: லூத்தரும் கால்வினும்

ஆதியாகமம் மூன்றாம் அதிகாரம், 19ஆம் வசனம்: ஆதாம் மண்ணுக்கே திரும்புவான் என்று தீர்ப்பு வருகிறது. 21ஆம் வசனத்தில் தேவன் இருவருக்கும் தோல் உடை உடுத்துகிறார். இடையே உள்ள ஒரே வசனத்தில் ஆதாம் தன் மனைவிக்கு ஏவாள் என்று பெயரிடுகிறான். உயிருள்ளோர் எல்லாருக்கும் அவள் தாய் என்பது காரணம். சாவுத் தீர்ப்பைக் கேட்டவன் உயிரைச் சொல்லும் பெயரை ஏன் சூட்டினான்? சீர்திருத்தக் காலத்தின் இரு பெரும் உரையாசிரியர்கள் இதற்கு வெவ்வேறு விடை தந்தார்கள்.

விட்டன்பர்க்கில் 1535 முதல் 1545 வரை ஆதியாகமத்துக்கு விரிவுரை நிகழ்த்தியவர் மார்ட்டின் லூத்தர். அவர் இந்த வசனத்தில் இரண்டைக் காண்கிறார். ஒன்று, கணவனின் அதிகாரம்: விலங்குகளுக்குப் பெயரிட்டவனே மனைவிக்கும் பெயரிடுகிறான். மற்றொன்று, விசுவாசம்: ஸ்திரீயின் வித்து பாம்பின் தலையை நசுக்கும் என்ற 15ஆம் வசன வாக்குத்தத்தத்தை ஆதாம் பற்றிக்கொண்டான்; அதற்குச் சாட்சியே இப்பெயர்.

ஜெனீவாவில் ஜான் கால்வின் 1554இல் வெளியிட்ட ஆதியாகம உரை அவ்வளவு தூரம் போகவில்லை. உடனே சாகவில்லை, ஆயுள் நீள்கிறது என்று அறிந்ததும் ஆதாம் தேறினான். எதிர்பாராமல் கிடைத்த அந்த நன்மையைப் பெயரில் கொண்டாடினான். அதனால் அவன் விசுவாசத்தால் மரணத்தை வென்றுவிட்டான் என்று முடிவுகட்ட முடியாது என்பது கால்வினின் எச்சரிக்கை.

ஆதாமின் மனத்தை வேதம் திறந்து காட்டாத இடத்தில் கால்வினின் நிதானம் மதிக்கத்தக்கது. ஆனால், ஏவாள் காயீனைப் பெறுவது நான்காம் அதிகாரத்தில்தான். பிள்ளையே பிறக்காதபோது அவளை எல்லாருக்கும் தாய் என்பது, தன் உயிர் தப்பியதில் வந்த நிம்மதியை மட்டும் காட்டவில்லை. இன்னும் வராத தலைமுறைகளை நம்பியிருக்கிறது. இதில் லூத்தரின் விசுவாச விளக்கமே வலுவானது.

அவருடைய அதிகார விளக்கத்துக்கு அந்த வலு இல்லை. கணவனின் ஆளுகை 16ஆம் வசனத்தின் தண்டனைப் பேச்சு. 20ஆம் வசனம் சொல்லும் காரணமோ அவளுடைய தாய்மை மட்டுமே. ஏவாள் என்ற பெயரைப் பெண்ணின் கீழ்ப்படிதலுக்கு ஆதாரமாகப் பிரசங்கிப்பவர்கள், வசனம் தானே கொடுக்கும் காரணத்தை விட்டுவிட்டுத் தண்டனையைப் பிடித்துக்கொள்கிறார்கள். சபை இந்த வசனத்தை நம்பிக்கையின் வசனமாகவே கற்பிக்க வேண்டும்.